ப்ளூஸ் திரைப்படத்தில் அசல் எது? ‘க்ராஸ்ரோட்ஸ்’ படத்தை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ப்ளூஸ் இசையைக் கதைக்களமாகக் கொண்ட படங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பற்றி வாதிடுகிறார்கள். படத்தில் ஒலிப்பது அசலான ப்ளூஸ்தானா என்பது ஒன்று. அதை வாசிக்கும் கதாபாத்திரங்களுக்கு இடையிலான உறவு நம்பும்படியும் நியாயமாகவும் இருக்கிறதா என்பது மற்றொன்று. இசை தெரிந்தவர்கள் முதலாவதையும் கதையை விரும்புகிறவர்கள் இரண்டாவதையும் தனித்தனியே பேசிக்கொள்வது வழக்கம். ஆனால் ப்ளூஸ் ஏட்டில் எழுதிக் கற்பிக்கப்பட்ட இசையன்று. ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் அருகில் உட்கார்ந்து பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்ட இசை. ஆகவே யார் யாரிடம் கற்றார், கற்றதற்கு என்ன கைம்மாறு செய்தார் என்பதை விட்டுவிட்டு அதன் அசல் தன்மையை மட்டும் அளக்க முடியாது என்பது என் எண்ணம். இதை விளக்க, 1986ஆம் ஆண்டு வால்டர் ஹில் இயக்கத்தில் வெளிவந்த ‘க்ராஸ்ரோட்ஸ்’ (நாற்சந்தி) என்னும் அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்த இரண்டு வாதங்களும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் படம் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

கதை எளிமையானது. நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் செவ்வியல் கிட்டார் பயிலும் யூஜின் மார்ட்டோன் என்னும் வெள்ளை இளைஞனுக்கு ப்ளூஸ் மீது பித்து. ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் மேதை பதிவு செய்யாமல் விட்டுச்சென்ற ஒரு பாடல் எங்கோ இருக்கிறது என்று நம்பும் அவன், ஜான்சனின் பழைய நண்பரான வில்லி பிரவுனை நியூயார்க்கில் ஒரு காவலுள்ள முதியோர் இல்லத்தில் கண்டுபிடிக்கிறான். தன்னை அங்கிருந்து மிசிசிப்பிக்கு அழைத்துச் சென்றால் அந்தப் பாடலைத் தருவதாக முதியவர் பேரம் பேசுகிறார். இளமையில் ஒரு நாற்சந்தியில் சாத்தானிடம் தன் ஆன்மாவை எழுதிக் கொடுத்தவர் அவர். அந்த ஒப்பந்தத்தை முறிப்பதுதான் பயணத்தின் மெய்யான நோக்கம். வழியில் வீட்டை விட்டு ஓடிவந்த ஃபிரான்சஸ் என்ற பெண் அவர்களோடு சேர்ந்து, சில நாட்களில் பிரிந்து போகிறாள். இறுதியில் சாத்தானின் ஆளான ஜாக் பட்லர் என்ற கிட்டார் கலைஞனோடு யூஜின் போட்டியிட்டு, முதியவரின் ஆன்மாவை மீட்கிறான். யூஜினாக ரால்ஃப் மாச்சியோவும், வில்லியாக ஜோ செனெகாவும், ஃபிரான்சஸாக ஜேமி கெர்ட்ஸும், பட்லராக ராக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வையும் நடித்தார்கள்.

விவாதத்துக்குள் நுழையும் முன் ப்ளூஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அடிமைத்தளையிலிருந்து சட்டப்படி விடுபட்டும் குத்தகை முறையாலும் கடனாலும் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களிடையே உருவான இசை இது. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவிலுள்ள பருத்தி விளையும் தாழ்நிலத்தை டெல்டா என்பார்கள். படம் பேசுவது அந்தப் பகுதியின் ப்ளூஸைப் பற்றி. மிகப் பரவலான ப்ளூஸ் வடிவம் பன்னிரண்டு தாள அளவுகளுக்குள் மூன்று வரிகளைக் கொண்டது. முதல் வரியே இரண்டாவதாகத் திரும்ப வரும்; மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். எடுத்துக்காட்டாக நானே ஒன்று அமைக்கிறேன்: ‘விடியலில் ரயில் போனது, என்னை விட்டுவிட்டுப் போனது’ என்று ஒருமுறை பாடி, அதையே மறுபடியும் பாடி, ‘கையில் சீட்டு இருந்தும் எனக்கு இடமில்லாமல் போனது’ என்று முடிக்கலாம். குரல் ஒரு வரியைச் சொன்னதும் மீதமிருக்கும் இடைவெளியில் கிட்டாரோ ஹார்மோனிக்காவோ பதில் பேசும். சுரங்களும் பியானோக் கட்டைகள்போல் ஓரிடத்தில் நிற்பதில்லை. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் சுரங்கள் சற்றுத் தாழ்ந்து, இரு நிலைகளுக்கு நடுவே அசைந்துகொண்டிருக்கும். கமகம் இல்லாமல் வெறும் சுரத்தைப் பாடினால் ராகம் எப்படி உயிரற்றுப் போகுமோ, அந்த அசைவு இல்லாத ப்ளூஸும் அப்படித்தான் இருக்கும். இந்த அசைவைப் பெறவே பாட்டில் கழுத்தையோ கத்தியையோ கிட்டார்க் கம்பியின்மீது வழுக்கி வாசித்தார்கள். 1903ஆம் ஆண்டு வாக்கில் டட்வைலர் என்னும் சிற்றூரின் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியை வைத்து இவ்வாறு வாசித்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் எழுதினார்.

கிட்டாரோடு தனியே அலையும் ஓர் ஆண்தான் ப்ளூஸின் அசல் முகம் என்ற எண்ணம் பலரிடமும் இருக்கிறது. படமும் அதையே நம்புகிறது. ஆனால் ப்ளூஸை இசைத்தட்டில் முதலில் புகழடையச் செய்தவர்கள் பெண்கள். 1920இல் மேமி ஸ்மித்தின் இசைத்தட்டு பெருமளவில் விற்ற பிறகுதான் நிறுவனங்கள் கறுப்பினக் கலைஞர்களைத் தேடத் தொடங்கின. மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் வாத்தியக் குழுவோடு மேடையேறிப் பாடியவர்கள். தனித்த கிட்டார்க்காரரின் படிமம் மேலோங்கியது பெரும்பாலும் 1960களில், பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைந்த வெள்ளையின இளைஞர்களின் ஆர்வத்தால்தான். ராபர்ட் ஜான்சனின் பாடல்கள் நெடுந்தட்டாக 1961இல் வெளிவந்ததும் அந்தப் படிமத்துக்கு ஒரு தலைவர் கிடைத்துவிட்டார். ஒரு படம் அசலாக இருக்கிறது என்று சொல்லும்போது, எந்தக் காலத்துக் கேட்பவர்கள் முடிவு செய்த அசல் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜான்சனைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை குறைவு. 1911இல் மிசிசிப்பியின் ஹேசல்ஹர்ஸ்டில் பிறந்தவர். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் மொத்தம் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938 ஆகஸ்டில், 27ஆம் வயதில், கிரீன்வுட் நகருக்கு அருகில் இறந்தார். படத்தில் யூஜின் தேடும் முப்பதாவது பாடல் கற்பனை. நாற்சந்தியில் சாத்தானிடம் கிட்டாரைக் கொடுத்துச் சுருதி சேர்த்து வாங்கிய கதையோ, டாமி ஜான்சன் என்ற வேறொரு கலைஞரைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்னது. ராபர்ட்டுக்கும் டாமிக்கும் உறவில்லை. ராபர்ட் ஜான்சனின் நாற்சந்திப் பாடலைக் கவனித்துக் கேட்டால் அதில் சாத்தானே வருவதில்லை. மண்டியிட்டு இறைவனிடம் இரக்கம் வேண்டும் ஒருவன், பொழுது சாய்வதற்குள் ஏதாவது வண்டியில் ஏறிவிடப் பார்க்கிறான், யாரும் நிறுத்துவதில்லை. இருட்டிய பின் ஒரு கறுப்பின மனிதன் அறிமுகமற்ற சாலையில் தனியே நிற்பது அன்றைய மிசிசிப்பியில் எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பாடலின் அச்சத்துக்குச் சாத்தான் தேவையில்லை என்பது விளங்கும்.

அப்படியானால், சுமாராக வாசித்துக்கொண்டிருந்த இளைஞன் ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்து எல்லோரையும் திகைக்கவைத்தது எப்படி? இடையில் அவருக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார் என்பதே பதில். ஐக் ஸிம்மர்மன் என்னும் கிட்டார் கலைஞரின் வீட்டில் தங்கி ஜான்சன் கற்றுக்கொண்டார். பிறரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காக இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பயின்றதாக ஸிம்மர்மனின் குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் செய்தி மிகவும் முக்கியமாகப் படுகிறது. பொறுமையாகக் கற்றுக்கொடுத்த ஒரு மனிதரின் பெயர் மறைந்துபோய், அவர் இடத்தில் சாத்தான் வந்து அமர்ந்துகொண்டான். ப்ளூஸ் படங்கள் சாத்தான் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், உண்மையில் நிகழ்ந்த ஆசிரியர் மாணவர் உறவு ஒன்று மேலும் ஆழமாகப் புதைக்கப்படுகிறது. படம் சாத்தானுக்கு லெக்பா என்று பெயரிட்டிருப்பதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோன் மக்களிடையே லெக்பா என்பது வாசல்களையும் வழிகளையும் காத்து, மனிதருக்கும் தெய்வங்களுக்கும் இடையே தூது செல்லும் தெய்வம். ஆன்மாவை விலைக்கு வாங்கும் கிறித்தவச் சாத்தான் அன்று.

படத்தின் வில்லி பிரவுன் வெறும் கற்பனைப் பெயரும் அல்ல. ஜான்சன் தம் நாற்சந்திப் பாடலில் நண்பன் என்று பெயர் சொல்லி அழைக்கும் வில்லி பிரவுன் மெய்யாக வாழ்ந்த டெல்டாக் கலைஞர். சார்லி பேட்டனோடும் சன் ஹவுஸோடும் சேர்ந்து வாசித்த அவர், 1930இல் அவர்களோடு விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் நகருக்குப் போய்ப் பதிவு செய்தார், 1952இல் காலமானார். அவர் வாசித்தது கிட்டார். படத்தில் வரும் வில்லி ஹார்மோனிக்கா வாசிக்கிறார், 1980களில் உயிரோடும் இருக்கிறார். இது தவறு என்று சுட்டிக்காட்டுபவர்கள் சொல்வது சரியே. ஆயினும் நான் இதைப் பெரிய குறையாகக் கருதவில்லை. கிட்டார் வாசிக்கும் மாணவனுக்கு அருகில் ஹார்மோனிக்கா வாசிக்கும் ஆசிரியர் இருப்பதால்தான் மாணவன் அவர் விரலைப் பார்த்து நகலெடுக்க முடியாமல், செவியால் கேட்டுப் பதில் சொல்லவேண்டிய நிலைக்கு வருகிறான்.

வெள்ளை மாணவன் ஒருவன் மறக்கப்பட்ட கறுப்பின முதியவரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் முழுக் கற்பனை அல்ல என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1963இல் மிசிசிப்பி ஜான் ஹர்ட் இவ்வாறுதான் கண்டறியப்பட்டார். அவருடைய பழைய பாடலில் இருந்த அவலான் என்ற ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டே தேடிப் போனார்கள். 1964இல் ஸ்கிப் ஜேம்ஸ் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டார். அதே ஆண்டில், மெய்யான வில்லி பிரவுனின் தோழரான சன் ஹவுஸ், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இருப்பது தெரியவந்தது. வாசிப்பதையே விட்டிருந்த ஹவுஸுக்கு, அவர் இளமையில் எப்படி வாசித்தார் என்பதைப் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகியிருந்த ஆலன் வில்சன் என்ற வெள்ளை இளைஞர் வாசித்துக் காட்டி நினைவூட்டினார். இங்கே யார் ஆசிரியர், யார் மாணவர் என்று ஒரே சொல்லில் சொல்ல முடியுமா? ஹவுஸ் இல்லாமல் வில்சன் கற்க எதுவும் இருந்திருக்காது. வில்சன் இல்லாமல் ஹவுஸ் மேடைக்குத் திரும்புவது கடினமாகியிருக்கும். படத்தைக் காட்டிலும் நுட்பமான உறவு இது.

படத்தின் உறவை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் வாதம் கூர்மையடைகிறது. குறை சொல்பவர்கள், கறுப்பினக் கதாபாத்திரத்தின் ஞானமும் துயரமும் வெள்ளை இளைஞனை வளர்ப்பதற்கான உரமாக மட்டுமே பயன்படுகின்றன என்கிறார்கள். அமெரிக்கப் படங்களில் இது பழகிப்போன வார்ப்பு. அற்புத ஆற்றலுள்ள கறுப்பினத் துணைவர் வருவார், வழிகாட்டுவார், நாயகன் வென்றதும் அவருக்கு வேலையிருக்காது. வில்லியின் ஆன்மாவே யூஜினின் விரல்களை நம்பிக் கிடப்பது இந்தக் குற்றச்சாட்டுக்கு வலு சேர்க்கிறது. ஆனால் படத்தின் முதல் முக்கால் பகுதியை நேர்மையாகப் பார்த்தால், இருவரும் ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொள்ளும் விதம் ஒளிவுமறைவின்றிக் காட்டப்பட்டிருப்பதும் தெரியும். யூஜினுக்கு வேண்டியது அந்த முதியவர் அல்ல. தன்னைப் புகழடையச் செய்யும் ஒரு பாடல். வில்லிக்கு வேண்டியது மாணவன் அல்ல. தன்னைத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓர் ஆள். பாடல் இருப்பதாகச் சொன்னது பொய். அந்தப் பொய் வெளிப்பட்ட பிறகும் இளைஞன் முதியவருக்காகத் தன் ஆன்மாவைப் பணயம் வைக்கும்போதுதான் அவர்களுக்கிடையே உறவு என்று சொல்லத்தக்க ஒன்று பிறக்கிறது. ஜோ செனெகாவின் நடிப்பு இதற்குப் பெருந்துணை. பாடகராகவும் பாடலாசிரியராகவும் வாழ்ந்தவரான அவர், வில்லியை ஞானியாக நடிக்காமல் சிடுசிடுப்பும் தந்திரமும் அச்சமும் கொண்ட மனிதராகவே நடித்திருக்கிறார்.

ஃபிரான்சஸின் பாத்திரம் இத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அவள் போனதால் யூஜினுக்கு மனம் உடைகிறது, மனம் உடைந்ததால் அவனுக்கு ப்ளூஸ் வாசிக்க வருகிறது என்பதே அவளுக்குக் கதை ஒதுக்கிய வேலை. துயரம் வந்தால் ப்ளூஸ் தானே வந்துவிடும் என்ற இந்த எண்ணம், வாழ்நாள் முழுவதும் பயின்று வாசித்த கலைஞர்களுக்கு மரியாதை செய்வதாகாது. காதலை இழப்பது ப்ளூஸின் நிரந்தரப் பாடுபொருள் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துயரத்தை மூன்று வரிக்குள் அடக்கி, தாளத்தில் நிறுத்தி, கேட்பவரை ஆடவும் வைப்பது பெரும் தொழில்திறன்.

இனி இசைக்கு வருவோம். மாச்சியோ படத்தில் உண்மையில் வாசிக்கவில்லை. விரல்கள் சரியான இடத்தில் விழும்படி அவருக்குப் பயிற்சியளித்தவர் ஆர்லன் ராத். படத்தின் இசையை அமைத்து, யூஜினின் வழுக்குக் கிட்டாரை வாசித்தவர் ரை கூடர். அவர் கலிஃபோர்னியாவில் பிறந்த வெள்ளையர். பழைய கறுப்பினக் கலைஞர்களின் வாசிப்பைப் பல்லாண்டு ஆழ்ந்து பயின்றவர். சன்னி டெர்ரியின் ஹார்மோனிக்காவும் படத்தில் ஒலிக்கிறது. டெர்ரி டெல்டாக்காரர் அல்லர். கிழக்குக் கரையோர ப்ளூஸ் மரபில் வளர்ந்தவர். படம் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பு, 1986 மார்ச்சில், அவர் காலமானார். மதுக்கூடக் காட்சியில் மேடையில் இருக்கும் ஃபிராங்க் ஃபிராஸ்ட், அத்தகைய கூடங்களிலேயே வாழ்நாளைக் கழித்த கலைஞர். ஆக, டெல்டா ப்ளூஸ் என்று நாம் கேட்பது பல ஊர்க்காரர்களும் பல தலைமுறையினரும் சேர்ந்து நெய்தது. பிறப்பிடத்தை மட்டும் வைத்து அசலை அளப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். எனக்குத் தரவில்லை, கூடரின் வழுக்கு வாசிப்பில் ஒரு சுரத்தை அடையுமுன் அவர் காட்டும் தயக்கம், பழைய இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்.

பெரிய சண்டை இறுதிப் போட்டியைப் பற்றியது. இரு கலைஞர்கள் மேடையில் ஒருவரையொருவர் வெல்ல முயல்வதைத் தலைவெட்டுதல் என்பது ப்ளூஸ் உலகின் வழக்கு. சிகாகோவில் ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸும் அவருடைய தோழர்களும் இதனாலேயே தலைவேட்டையர் என்று பெயரெடுத்தார்கள். படத்தின் போட்டியில் முதற்பாதி கூடரின் வழுக்குக் கிட்டாருக்கும் வையின் வேகமான ராக் வாசிப்புக்கும் இடையே நடக்கிறது. பிறகு யூஜின் தோற்கும் நிலைக்கு வந்து, திடீரென்று தன் செவ்வியல் பயிற்சிக்குத் திரும்பி, இத்தாலிய வயலின் மேதை பாகனினியின் ஐந்தாம் கேப்ரிஸை (கேப்ரிஸ் என்பது தனி வயலினுக்கான குறும் உருப்படி) அடிப்படையாகக் கொண்ட ஒரு துரிதமான உருப்படியை வாசிக்கிறான். பட்லர் அதைப் பின்பற்ற முயன்று, உச்சத்தில் ஒரு சுரத்தைத் தவறவிட்டுத் தோற்கிறான். இந்த இரண்டாம் பாதியில் இரு தரப்பையும் வாசித்தவர் வையே என்பது கூடுதல் செய்தி.

ப்ளூஸைப் போற்ற வந்த படம் கடைசியில் ஐரோப்பியச் செவ்விசைக்கு முடிசூட்டிவிட்டது என்று கோபப்படுபவர்கள் உண்டு. மறுதரப்பினர், யூஜின் பிறரை நகலெடுப்பதை விட்டுத் தன்னுடையதை வாசித்ததால்தான் வென்றான், வில்லி கற்பித்ததும் அதுவே என்கிறார்கள். பாகனினியும் தம் காலத்தில் சாத்தானோடு ஒப்பந்தம் செய்தவர் என்று பழிக்கப்பட்டவர். 1840இல் அவர் இறந்தபோது திருச்சபை அவரை அடக்கம் செய்ய இடம்தர மறுத்தது. சாத்தானின் ஆளைச் சாத்தானோடு பேசப்பட்ட இன்னொருவரின் இசையால் வீழ்த்துவது அழகான தேர்வு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். செவ்விசை வந்தது எனக்குப் பிழையாகத் தோன்றவில்லை; வெற்றி தீர்மானிக்கப்பட்ட அளவுகோல்தான் பிழையாகத் தோன்றுகிறது. ஒரு சுரம் தவறியதால் ஒருவன் தோற்பது இசைப்பள்ளித் தேர்வறையின் நியாயம். சுரங்களை வேண்டுமென்றே வளைத்தும் உடைத்தும் பேசவைக்கும் ப்ளூஸில், தவறிய சுரத்தைப் பிடித்துக்கொண்டே புதியதொரு பதிலைச் சொல்லிவிடலாம். கூடத்தில் இருப்பவர்கள் யார் பக்கம் ஆரவாரிக்கிறார்கள் என்பதே தீர்ப்பு. எந்தப் பள்ளியிலிருந்து யூஜின் தப்பித்து வந்தானோ, அந்தப் பள்ளியின் நீதியைக் கொண்டே படம் அவனை வெல்ல வைத்துவிட்டது.

இருந்தும் அந்தப் போட்டியோடு படம் முடிவதில்லை. மிசிசிப்பிச் சாலையில் நடந்துகொண்டே, சிகாகோ வரை இருவரும் சேர்ந்து போகலாம் என்கிறார் வில்லி. அதன் பிறகு தன்னை விட்டுவிட்டு, யூஜின் இசையைக் கண்டெடுத்த இடத்திலிருந்து அதை அப்பால் கொண்டுசெல்ல வேண்டும் என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறார். டெல்டாவிலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறிப் போன தலைமுறை செய்ததும் இதைத்தான். மண்ணையும் பிறப்பையும் சொல்லி மாணவனை அடைத்துவைக்காத ஆசிரியர் இவர். ஆனால் அப்பால் கொண்டுசெல்பவன் ஆசிரியரின் பெயரையும் உடன்கொண்டு செல்வானா என்ற கேள்வியைப் படம் எழுப்பவில்லை. ஸிம்மர்மனுக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

படத்தைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது: முதலில் ராபர்ட் ஜான்சனின் 1936ஆம் ஆண்டுப் பதிவுகளில் நான்கைந்தையாவது கேளுங்கள், பிறகு சன் ஹவுஸின் 1930ஆம் ஆண்டுப் பதிவுகளையும், அதே கிராஃப்டன் பயணத்தில் மெய்யான வில்லி பிரவுன் பதிவு செய்து இன்றுவரை தப்பியிருக்கும் இரண்டு பாடல்களையும் கேளுங்கள். இரைச்சல் மிகுந்த அந்தப் பதிவுகளில், கம்பியை இழுத்துப் பலகையில் அறையவிடும் பிரவுனின் கிட்டார் தெளிவாகக் கேட்கும். அதன் பிறகு படத்தைப் பார்த்தால், கூடர் எங்கே அந்த மரபின் அருகில் நிற்கிறார், வை எங்கே அதைவிட்டு விலகிப் போகிறார் என்பதை யார் துணையும் இன்றி நீங்களே சொல்லிவிடலாம்.